கடை லைசன்ஸும் அரசியலமைப்பும்: சாட்ஸ்வொர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அக்கா,

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் முடித்ததும் அரசியலமைப்புச் சட்டம்தான் படிப்பேன் என்று மகள் ஒரே பிடியாக நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "அது அரசியல் பேசுகிறவர்களுக்கு வேண்டிய படிப்பு. மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிற எங்களுக்கு எதற்கு? சி.ஏ. படித்தால் நிச்சயமான சோறு" என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் படிப்பைப் பற்றி நீங்கள் நினைத்திருப்பது வேறு, உண்மை வேறு. நம் தென்னாப்பிரிக்காவில் கடைக்கும் மருந்தகத்துக்கும் வங்கிக்கும் அரசு என்ன விதி போடலாம், எதுவரை போடலாம் என்பதை முடிவு செய்வதே அந்தச் சட்டம்தான்.

இதை நம் குடும்பங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. டர்பன் இருக்கும் நம் நேட்டாலில் இந்தியர்கள் கடை போட ஆரம்பித்ததும் வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1897-இல் வியாபார லைசன்ஸ் சட்டம் ஒன்று வந்தது. அதில் இந்தியர் என்ற பேச்சே கிடையாது. லைசன்ஸ் அதிகாரி கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மறுத்தால் நகரசபையிடம் முறையிடலாம். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் நம்மவர்களுக்குப் போட்டி வியாபாரிகள். அதற்கு மேல் கோர்ட்டுக்குப் போகும் வழியைச் சட்டமே அடைத்து வைத்திருந்தது. காந்தி டர்பனில் இருந்தபோது மனு மேல் மனு எழுதிப் போராடிய விஷயங்களில் இதுவும் ஒன்று. பிறகு 1950-இல், எந்த இனத்தவர் எங்கே இருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, வீட்டோடு கடையையும் பிடுங்கியது. பார்லிமெண்ட் போட்டதே முடிவு என்று இருந்த காலம் அது.

1996-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு அந்தக் கதவைத் திறந்தது. அதன் 22-ஆம் பிரிவில் இரண்டே வாக்கியங்கள்தான். எந்தத் தொழிலையும் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்கிறது முதல் வாக்கியம். அந்தத் தொழிலை நடத்தும் விதத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்கிறது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதில்தான் உங்கள் மகள் படிக்க ஆசைப்படும் படிப்பின் பெரும்பகுதி இருக்கிறது. இதோடு 25-ஆம் பிரிவு சொத்தைக் காக்கிறது. அரசு அலுவலகங்கள் நியாயமாக முடிவெடுக்க வேண்டும், கேட்டால் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்கிறது 33-ஆம் பிரிவு. எந்த உரிமையையும் எப்போது, எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு 36-ஆம் பிரிவு அளவுகோல் வைக்கிறது.

உங்கள் கடைக்கே நேர்ந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் கடைசியில் லாக்டவுன் வந்தபோது சிகரெட் விற்கக் கூடாது என்றார்கள். ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அந்தத் தடை நீடித்தது. கல்லாவில் அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். புகையிலைக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. அரசு சொன்ன காரணம் மக்களின் உயிர், ஆரோக்கியம். கோர்ட் அந்தக் காரணத்தை அலட்சியம் செய்யவில்லை. இவ்வளவு உரிமைகளைப் பறிக்கும் ஒரு தடைக்குப் போதுமான ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்று கண்டது. அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பை 2022-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. தடை எப்போதோ நீங்கிவிட்டதே, பிறகு எதற்குத் தீர்ப்பு என்று தோன்றலாம். அடுத்த நெருக்கடியில் அரசு எவ்வளவு ஆதாரத்தோடு வர வேண்டும் என்பதை அது சொல்லிவைத்திருக்கிறது, அதற்காகத்தான்.

மருந்துக்கடை வழக்கு இன்னும் பெரியது. மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கு மருந்தகம் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. நூறு ரேண்டுக்குக் கீழே உள்ள மருந்துக்கு 26 சதவீதம், அதற்கு மேல் போனால் 26 ரேண்ட். இந்தக் கட்டணத்தில் கடையே நடத்த முடியாது, கிராமப்புற மருந்தகங்கள் மூடிவிடும் என்று மருந்தகத் தரப்பு வாதாடியது. 2005-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழைக்கும் மருந்து கிடைக்க அரசு விலையைக் கட்டுப்படுத்தலாம், அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டணம் பொருத்தமானதல்ல, மறுபடி யோசித்து நிர்ணயியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. வாதாடுகிறவருக்குச் சட்டம் மட்டும் தெரிந்தால் இந்த வழக்கில் நிற்க முடியாது. ஒரு மருந்தகத்தின் வாடகை, சம்பளம், லாபம் எல்லாம் கணக்குப் போடத் தெரிய வேண்டும். நீங்கள் விரும்பும் கணக்குப் படிப்பும் அவள் விரும்பும் சட்டப் படிப்பும் சேர்கிற இடம் இது என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கம்பெனிகள்தான் எப்போதும் ஜெயிக்கும் என்று மகள் நினைத்துவிடக் கூடாது. 2004-இல் ஒரு மீன்பிடிக் கம்பெனி தனக்குக் கொடுத்த ஒதுக்கீடு போதாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. துறை தெரிந்த அதிகாரிகள் நியாயமாக எடுத்த முடிவில் நீதிபதி தன் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோன பணத்துக்குப் பத்து சதவீதம், ஏறக்குறைய 250 மில்லியன் ரேண்ட் கட்டினார். அது முறையாக விதிக்கப்படாத வரி என்று வாதாடினார். வரி அல்ல, பணம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் கட்டணம்தான் என்று 2015-இல் தீர்ப்பானது. அதே ஆண்டு நம் டர்பனில், நடைபாதை வியாபாரி ஒருவரின் சரக்கை நகராட்சி பறிமுதல் செய்த வழக்கில், அதற்கு இடம் கொடுத்த நகராட்சி விதிகள் செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. பெரும் பணக்காரர் தோற்கிறார், தெருவில் செருப்பு விற்கிறவர் ஜெயிக்கிறார். இந்தப் படிப்பின் மேல் எனக்கு இருக்கும் மதிப்புக்கு இதுவே காரணம்.

இனி வேலைக்கு வருகிறேன். நேராக எல்.எல்.பி. படித்தால் நான்கு ஆண்டு. சட்டப் பாடங்களோடு பி.காம். முடித்து அதன்மேல் எல்.எல்.பி. படித்தால் பெரும்பாலும் ஐந்து ஆண்டு. உங்கள் மகளுக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான். நிதிநிலை அறிக்கை படிக்கத் தெரிந்த சட்டப் பட்டதாரியைப் போட்டி ஆணையம், நிதித்துறைக் கட்டுப்பாட்டு ஆணையம், மின்சாரக் கட்டணம் முடிவு செய்யும் நெர்சா, மருந்துகளை அனுமதிக்கும் சாப்ரா போன்ற இடங்கள் மதிக்கும். அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்கும் கம்பெனிகளுக்கும் அப்படிப்பட்டவர்கள் வேண்டும். வங்கிகளிலும் காப்பீட்டுக் கம்பெனிகளிலும் கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்ற வேலை இருக்கிறது. கோர்ட் படியே ஏறாமல் அதில் காலம் முழுக்க நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு. சி.ஏ. வழியும் சுலபம் என்று நினைக்காதீர்கள். பட்டத்துக்குப் பிறகும் மேற்படிப்பு, மூன்றாண்டுப் பயிற்சி, தேர்வுகள் என்று அதுவும் நீளும்.

கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்சிக்காரர்கள் நேரடியாக வந்து பார்க்கும் வக்கீலான அட்டர்னி ஆக விரும்பினால் பட்டத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஸ், அதாவது வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி. அந்த இடம் கிடைப்பதே போராட்டம், கிடைத்தாலும் ஆரம்பச் சம்பளம் சொற்பம். கோர்ட்டில் வாதாடும் அட்வகேட் ஆக, அட்வகேட்டுகளின் சங்கமான பார் வழியாகப் போனால் ஓராண்டு பியூபிலேஜ் என்ற பயிற்சி, அதிலும் வருமானம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. அந்த ஆண்டுகளில் வீடு அவளைத் தாங்க முடியுமா என்று இப்போதே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ரேண்டைத் தாண்டினால் அரசின் மாணவர் நிதித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். தரும் உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது. சின்னக் கடைக்காரர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பெண் பிள்ளை கோர்ட்டில் நிற்பதா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டர்பன் கிளேர்வுட்டில் பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளையின் பெயரை அவர்களிடம் சொல்லுங்கள். அவர் படிக்க உள்ளூர் இந்திய சமூகம்தான் பணம் திரட்டிக் கொடுத்தது. 1967-இல் நேட்டாலில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தார். பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையராக உயர்ந்த நம் தமிழ்ப் பெண் அவர்.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மகள் பள்ளியில் மேத்ஸ் எடுத்திருக்கிறாளா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா என்று முதலில் பாருங்கள். மேத்ஸ் லிட்டரசி என்றால் பி.காம். வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். அப்போது நேராக எல்.எல்.பி.தான். ஆங்கிலத்தில் நீளமாகப் படித்துச் சுருக்கமாக எழுதும் பழக்கம் அவளுக்கு வேண்டும். மேலே சொன்ன மருந்தகத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது, ஆகவே முதல் இருபது பக்கம் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அலுப்புத் தட்டாமல் படித்து, நடந்ததை உங்களிடம் தமிழில் சொல்ல முடிந்தால் அவள் ஆசை வெறும் பேச்சல்ல. பிறகு கிரேடு 11 மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாகப் போடும் சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது, எதை இரண்டாவதாக வைப்பது என்று கடைசித் தேதிக்கு முன்பே சேர்ந்து முடிவு செய்வோம். கணக்குப் படிப்பை இரண்டாவதாகப் போட்டுவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.