ஆயுஷ்மான் பாரத் வந்ததால் மக்களின் மருத்துவச் செலவு குறைந்துவிட்டதா?

கேள்வி இது: "மக்கள் சொந்தக் கைக்காசிலிருந்து செய்யும் மருத்துவச் செலவு 64 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைந்துவிட்டது, ஆயுஷ்மான் பாரத் திட்டமே காரணம் என்கிறார்கள். உண்மையா, தேர்தல் பேச்சா? என் அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. அந்தத் திட்டத்தின் காப்பீட்டு அட்டையை நம்பி இருக்கலாமா?"

எண்கள் அரசு அறிக்கையில் இருப்பவைதான். காரணம்தான் பிறகு ஒட்டவைத்தது.

மதுரை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அட்டையோடு மருத்துவமனைக்குப் போகிறவர்களும் அங்கிருந்து சீட்டோடு திரும்புகிறவர்களும் என் கடைவாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தேசிய சுகாதாரக் கணக்கு என்ற பெயரில் மத்திய அரசு வெளியிடும் அறிக்கைகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்களின் கைக்காசு 2013-14இல் 64.2 சதவீதம், 2021-22இல் 39.4 சதவீதம். மேடையில் சொல்வது இந்த இரண்டு எண்களை மட்டும். நடுவில் இருப்பதைப் பாருங்கள். 2016-17இல் 58.7, அடுத்த ஆண்டான 2017-18இல் 48.8. ஒரே ஆண்டில் ஏறக்குறைய பத்துப் புள்ளி சரிந்திருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைப் பிரதமர் ராஞ்சியில் தொடங்கிவைத்தது 2018 செப்டம்பர் 23 அன்று. 2017-18 நிதியாண்டோ அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே முடிந்துவிட்டது. திட்டம் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பே அதன் பலன் வந்து சேர்ந்துவிட்டது என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

பிறகு ஏன் சரிந்தது? மக்களின் செலவை அரசு நேரடியாக அளப்பதில்லை. தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பிலிருந்து அதைக் கணிக்கிறார்கள். 2017-18 கணக்குக்கு அந்தக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்தச் சுற்றில், கடந்த பதினைந்து நாளில் உடம்புக்கு முடியாமல் இருந்தது என்று சொன்னவர்களின் விகிதமே 2014இன் சுற்றைவிடக் குறைவு. நோய் சொன்னவர்கள் குறைந்தால் செலவும் தானாகக் குறையும். நாட்டுக்கே ஆரோக்கியம் கூடிவிட்டதா, அல்லது வலித்தும் வைத்தியம் பார்க்காமல் இருந்தார்களா என்று பொருளாதார அறிஞர்கள் அப்போதே கேட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்கும் அதே கணக்கெடுப்பை நீட்டித்துப் போட்டதுதான். இன்னொன்று, 39.4 என்பது மொத்தத்தில் ஒரு பங்கு மட்டுமே. கொரோனா காலத்தில் தடுப்பூசிக்கும் படுக்கைக்கும் அரசுகள் கூடுதலாகச் செலவழித்தன. அரசின் பங்கு ஏறினால், என் வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூடக் குறைவாகச் செலவழிக்காமலேயே அவருடைய பங்கு இறங்கும்.

இதனால் அட்டையே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ வந்தது, தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012இல் அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018இல் மத்திய திட்டத்தோடு இணைந்தது. எங்கள் பகுதியில் கொத்தனார்களும் பூக்கட்டும் பெண்களும் காணி நிலத்தை விற்காமல் இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் அந்த வீடுகளில் வட்டிக்காரன் உட்கார்ந்திருப்பான். இதை மறைத்துவிட்டுப் பேசுகிறவன் யோக்கியன் இல்லை.

ஆனால் அந்த அட்டை மருத்துவமனைப் படுக்கையோடு கட்டுண்டது. சேர்வதற்கு மூன்று நாள் முன்பு வரையிலான செலவு, வீடு திரும்பிய பிறகு பதினைந்து நாளுக்கான மருந்து, அவ்வளவுதான் அதன் எல்லை. பதினாறாம் நாள் அவர் என் கடைக்கு வருகிறார்.

போன வருடம் அப்படி வந்த ஒருவரைச் சொல்கிறேன். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள், காப்பீட்டில் முழுவதும் இலவசம். சீட்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரல், ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இதில் எதை நிறுத்தினால் உயிருக்கு மோசம் இல்லை?" என்று கேட்டார். எதையும் நிறுத்தக் கூடாது என்றேன். "அப்படியானால் எல்லாவற்றிலும் பத்து நாளுக்கு வெட்டிக் கொடு" என்றார். மாத்திரை அட்டைகளைக் கத்தரியால் வெட்டும்போது காலாவதித் தேதி எந்தத் துண்டில் போகிறது என்று பார்த்து வெட்டுவது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். அவருக்கு அப்படித்தான் வெட்டிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வர வேண்டியவர் மூன்று வாரம் கழித்து வந்தார். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலவு செய்யத் தயாராக இருக்கும் அரசுக்கு, அந்தச் செலவைக் காப்பாற்றும் மாத்திரை கண்ணில் படவில்லை.

இந்த நாட்டில் குடும்பங்களின் கைக்காசு பெரும்பாலும் போவது இங்கேதான்: புறநோயாளியாகப் பார்ப்பதற்கும், பரிசோதனைக்கும், மாத்திரைக்கும். அதைத் தொடாத ஒரு திட்டம் செலவை இவ்வளவு குறைத்துவிட்டது என்றால் நான் எப்படி நம்புவது? பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீத ஜிஎஸ்டியைப் பல வருடம் வாங்கியதும் இதே ஆட்சிதான். 2025 செப்டம்பரில்தான் அது 5 சதவீதமாக இறங்கியது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அத்தியாவசிய மருந்துகளுக்கு 2022 ஏப்ரலில் 10.7 சதவீதமும், 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேலும் விலையேற்ற அனுமதித்தார்கள். மொத்த விலைக் குறியீட்டின்படிதான் செய்தோம் என்பார்கள். சட்டப்படி சரிதான். பிரசாரத்தில் ஏன் அதைச் சொல்வதில்லை என்றுதான் கேட்கிறேன்.

மலிவு மருந்துக்கடைகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, வரிசையாக இருக்கின்றன. மக்கள் மருந்தகம் 2008இல் மன்மோகன் சிங் ஆட்சியில் தொடங்கியது, பிறகு பிரதமர் என்ற சொல் முன்னால் சேர்ந்தது. 2014இல் அம்மா மருந்தகம். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம், ஒரே நாளில் ஆயிரம் கடைகள். பிரதமர், அம்மா, முதல்வர் என்று மூன்று பலகைகள் ஆகிவிட்டன. (இவை வந்தால் என் வியாபாரம் அடிபடும், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.) அங்கே விலை குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சீட்டில் ஏழு மருந்து இருந்தால் அங்கே நான்கு கிடைக்கும், மீதி மூன்றுக்கு என்னிடம் வருவார்கள். பலகை மாட்டுவதில் இருக்கும் வேகம் சரக்கு நிரப்புவதில் இல்லை.

உண்மையான சீர்திருத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் காட்டுவேன். 1994இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவது, தரம் சோதிப்பது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, அங்கிருந்து அனுப்புவது. படிக்கவே சலிப்பாக இருக்கிறதல்லவா? அதனால்தான் அது எந்தத் தேர்தல் சுவரொட்டியிலும் இல்லை. ஆட்சிகள் மாறியும் யாரும் அதன் பெயரை மாற்றவில்லை, மாற்றினால் லாபமில்லை. 2011இல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது இதைப் பார்த்துத்தான் அங்கேயும் ஒரு கழகம் அமைத்தார்கள்.

அரசியல்வாதிகளுக்கு அட்டை பிடிப்பதற்குக் காரணம் அதில் ஒரு முகத்தை அச்சிட முடியும் என்பதே. 2019 ஜனவரியில் மேற்கு வங்கம் ஆயுஷ்மான் பாரத்திலிருந்து வெளியேறியது. பிரதமர் படத்தோடு வீடுகளுக்குக் கடிதம் போனது, பணத்தில் பங்கு எங்களுடையது, பெயர் மட்டும் உங்களுடையதா என்று மம்தா பானர்ஜி சண்டை பிடித்தார். செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பதுதான் ஏற்பாடு, ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் அவர் தன் பெயர் வைத்துக்கொள்ள ஆசைப்படாதவரும் அல்ல. டெல்லியும் ஒடிசாவும் வெகுகாலம் சேராமல் இருந்தன. ஒடிசாவில் பாஜக ஆட்சிக்கு வந்தது, 2025 ஜனவரியில் சேர்ந்தது. டெல்லியில் பாஜக ஆட்சிக்கு வந்தது, ஏப்ரலில் சேர்ந்தது. ஆட்சிதான் மாறியது, கட்டில்களில் கிடந்த நோயாளிகள் அதே ஆட்கள். கிளினிக் பலகையில் மத்திய திட்டத்தின் பெயர் இல்லை என்று பஞ்சாபுக்குத் தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியை நிறுத்திவைத்த கதையும் நடந்தது.

நம்மூர்க் கழகங்கள் மட்டும் சளைத்தவையா? கலைஞர் பெயரில் இருந்த காப்பீட்டை 2011இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா ரத்து செய்து வேறு பெயரில் கொண்டுவந்தார். 2020 டிசம்பரில் எடப்பாடி பழனிசாமி தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகள் அடுத்த ஆட்சியில் மூடப்பட்டன. ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கென்று திமுக கட்டிய கட்டடத்தை 2014இல் பன்னோக்கு மருத்துவமனையாக்கியதும் பகையில்தான். அதில் மட்டும் பகையின் பலன் நோயாளிக்குப் போனது. இன்னும் நாலு பகை அப்படி வந்தால்கூட நல்லது.

எய்ம்ஸ் மருத்துவமனைக்கு இடம் ஒதுக்கிய தோப்பூர் எங்களுக்குப் பக்கம். மதுரை எய்ம்ஸ் கதை உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் தேதிகளை ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது 2015இல். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில், மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு. 2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கலைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 2022இல் சேர்ந்த முதல் தொகுதி மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தார்கள். கட்டட வேலை 2024இல்தான் தொடங்கியது. 1,264 கோடி ரூபாய் மதிப்பீடு அதற்குள் 1,977 கோடியாகிவிட்டது, பெரும்பகுதி ஜப்பான் நிறுவனக் கடன். குஜராத்தின் ராஜ்கோட் எய்ம்ஸுக்கு 2020 டிசம்பரில் அடிக்கல், 2024 பிப்ரவரியில் திறப்பு விழா. கடன் ஒப்பந்தம் தாமதமானது என்பது அதிகாரபூர்வமான விளக்கம். ஏன் இங்கே மட்டும் கடனுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு விளக்கம் கிடையாது. செங்கல் தூக்கியவர்களுக்கும் அடிக்கல் நாட்டியவர்களுக்கும் ஓட்டு விழுந்தது. எங்களூர்க்காரர்கள் பெரிய வியாதி என்றால் இன்றைக்கும் மதுரைப் பெரியாஸ்பத்திரியின் வராந்தாவில்தான் பாய் விரிக்கிறார்கள்.

அட்டைத் திட்டத்தின் உள்விவகாரத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே செல்பேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். பத்து ஒன்பதுகள் கொண்ட எண். ஏற்கெனவே இறந்துவிட்டதாகக் காட்டப்பட்ட 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய் மருத்துவமனைகளுக்குப் போயிருந்தது. செல்பேசி எண்ணை வைத்துத் தகுதியைத் தீர்மானிப்பதில்லை என்று அரசு பதில் சொன்னது. அது சரியான பதில்தான். ஆனால் செத்தவர்களுக்குச் செய்த வைத்தியம் அந்தப் பதிலில் அடங்காது. 2024 நவம்பரில் அகமதாபாத் தனியார் மருத்துவமனை ஒன்று கிராமத்தில் முகாம் போட்டு ஆட்களைக் கூட்டிவந்து ஸ்டென்ட் வைத்து, இரண்டு பேர் இறந்துபோனது ஊரறிந்த வழக்கு. சிகிச்சைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் சிகிச்சை பெருகும். நோய் தேவைப்படாது.

பணத்துக்கு வருவோம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசுகளின் மருத்துவச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. கொரோனா செலவெல்லாம் சேர்ந்தும் 2021-22இல் அது 1.84 சதவீதம். 2025-26இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 9,406 கோடி. பயனடைவதாகச் சொல்லும் 12 கோடிக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் குடும்பத்துக்கு எண்ணூறு ரூபாய்கூட வராது. எல்லோருக்கும் ஒரே வருடத்தில் நோய் வராது, அதுதான் காப்பீடு, தெரியும். இருந்தாலும் பலகையில் ஐந்து லட்சத்தைப் படித்துவிட்டு இந்த எண்ணையும் ஒருமுறை படிக்கலாம்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அட்டையைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மத்திய அரசு 2024 அக்டோபரில் நீட்டித்தது, ஆதாரில் உள்ள வயதுதான் ஆதாரம். முதலமைச்சர் திட்டத்தில் குடும்பத்தின் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் சேர்க்கும் முன், அந்தச் சிகிச்சைக்கு அங்கே அங்கீகாரம் உண்டா, முன் அனுமதி வந்துவிட்டதா என்று காப்பீட்டு மேசையில் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். "ஸ்கேனுக்கு மட்டும் தனியாகக் கட்டுங்கள்" என்றால் ரசீது கேளுங்கள். கேட்டவுடன் பல இடங்களில் அந்தத் தொகை காணாமல் போய்விடும்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கே பதிவு செய்தால் மக்களைத் தேடி மருத்துவம் என்ற மாநிலத் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். கொண்டுவரும் பெண்களுக்கு மதிப்பூதியம்தான், நிரந்தரச் சம்பளம் கிடையாது. அது தனிச் சண்டை. என் கடையில் வாங்குகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். பாதிப் பேர், "அரசு மாத்திரை வேலை செய்யுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி என்னிடமே வாங்கிப் போகிறார்கள்.