மேசை விளையாட்டுகளுக்கான குட்டி வீடு, மதில், மரங்களை வீட்டுச் சாமான்களால் செய்தால் நன்றாக இருக்குமா?

நன்றாக இருக்கும். கொழும்பிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் இன்னும் அழுத்தியே சொல்வேன். இங்கே வீட்டிலும் வளவிலும் கிடைப்பதே போதும், மீதி கைவேலை.

"கடையில் வாங்கியதுபோல் வருமா, சின்னப்பிள்ளை வேலை மாதிரித் தெரியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. உங்கள் நிலைமையை ஊகிக்கிறேன், பிழையென்றால் விட்டுவிடுங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் மேசை விளையாட்டைத் தொடங்கியிருப்பீர்கள். யாரோ ஒருவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது அதற்கான குட்டிப் பொம்மை உருவங்களை ஒரு கைப்பிடி கொண்டுவந்திருப்பார். வெறும் மேசையில் வைத்து ஆடி அலுத்துப்போய், இணையத்தில் ஒரு கோட்டையின் விலையைப் பார்த்து, தபால் செலவையும் தீர்வையையும் கூட்டிப் பார்த்து, லப்டொப்பை மூடியிருப்பீர்கள். போதாக்குறைக்கு அம்மா வேறு "இந்த வயதில் பொம்மையா" என்று கேட்டிருப்பார்.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் போருக்கு விதிமுறைகள் எழுதி 1913இல் புத்தகமாகப் போட்டார். அவருடைய போர்க்களத்தில் வீடுகள் எல்லாம் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டைகள். மரங்கள், செடிகளில் ஒடித்த குச்சிகள். நீங்கள் ஆடும் விளையாட்டு 1974இல் வந்தது. அதற்கு முன்பே பெரிய மனிதர்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

நான் சிற்பியும் இல்லை, ஓவியனும் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். ஆனால் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். டிசம்பர் பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் நத்தாருக்கு வைக்கும் பாலன் குடில் போட்டி தொடங்கிவிடும். யாரும் அறிவித்த போட்டி இல்லை, ஆனாலும் யாருடைய குடில் நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். அப்பா கடதாசிச் சீமெந்துப் பைகளைச் சேர்த்து வைத்து, தண்ணீர் தெளித்துக் கசக்கி, காய்ந்ததும் சாம்பல் நிறமும் கறுப்பும் பூசிப் பாறையாக்குவார். குளத்துக்கு உடைந்த முகக்கண்ணாடித் துண்டு. புல்லுக்கு ஒரு தட்டில் முளைக்கவைத்த நெல். முன்வீட்டுச் சிங்கள மாமா மே மாதத்தில் வெசாக் கூடு, அதாவது வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் விளக்குக் கூடு, கட்டுவார். மூங்கிலை எப்படிச் சீவினால் முறியாமல் வளையும் என்பதை அவருடைய வாசலில் குந்தியிருந்துதான் பார்த்தேன். ஆகவே "இதெல்லாம் வெள்ளைக்காரன் யூடியூபில் கற்றுத் தந்தது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் குழு உருப்படியாக ஆடத் தொடங்கியது 2022இல், இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த வருடம். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வெளியிலிருந்து எதையும் தருவிக்கிற பேச்சே இல்லை. பெற்றோல் இல்லாததால் நடந்து வரக்கூடியவர்கள் மட்டும் வந்தார்கள்: அலுவலக நண்பர்கள் இருவர், அக்காவின் மகன், நான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆடினோம். அந்த வெளிச்சத்தில் ரெஜிபோம் (பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) மதில்கள் பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தன தெரியுமா? நிழல் விழுந்தால் மலிவான பொருள் என்பது மறைந்துவிடும். பகலில் பார்த்தாலும் பரவாயில்லை என்றே சொல்வேன்.

நான் கட்டியது ஒரு துறைமுகப் பட்டினம். வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற பனி படிந்த கோட்டை எனக்கு வரவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் கை செய்யும். கொழும்பு கோட்டை என்கிற நகரப் பகுதியில் இருக்கிற பழைய டச்சு ஆஸ்பத்திரியின் தடித்த சுவர், தாழ்வாரம், ஓட்டுக்கூரை இவற்றைப் படம் எடுத்து வந்து பார்த்துப் பார்த்துச் செய்தேன். பக்கத்தில் யாழ்ப்பாணக் கோட்டை மாதிரி முருகைக்கல் (பவளக் கல்) மதில் ஒன்று.

ஒருநாள் ஆட்டத்துக்கு நண்பரின் நண்பர் ஒருவர் வந்தார். வெளியில் படித்துவிட்டு வந்தவர். என் பட்டினத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு "நல்ல ரீசைக்கிளிங்" என்றார். பாராட்டா நக்கலா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை, ஆனால் என்ன நினைத்தாரென்று முகத்தில் தெரிந்தது. அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் கோபுரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் படிக்கட்டில் எங்கள் உருவம் ஒன்றுகூட நிற்கவில்லை. வைக்க வைக்க உருண்டு விழுந்தது. எல்லாரும் கோபுரத்தை விட்டுவிட்டு என் பண்டகசாலைக் கூரைக்கு ஏறிவிட்டார்கள்.

அது ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. இந்த உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீற்றர் அளவு. காலடியில் இருக்கும் வட்டத் தட்டு 25 மில்லிமீற்றர். நிஜப் படி ஒன்றை அதே விகிதத்தில் சுருக்கினால் அகலம் 5 மில்லிமீற்றர்கூட வராது. பார்க்க லட்சணமாக இருக்கும், உருவம் நிற்காது. நான் படியை ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டினேன். தரையில் ஓர் அங்குலக் கட்டம் என்றால் விளையாட்டில் 5 அடி, ஆக படியும் கட்டக் கணக்கில் வந்துவிடும். கதவுக்கு 40 மில்லிமீற்றர் உயரம் வையுங்கள், தட்டோடு சேர்த்து உருவம் உள்ளே போகும். கூரையை ஒட்டவே வேண்டாம். மூடி மாதிரித் தூக்கி எடுக்க வரவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சண்டை எப்படி நடக்கும்?

சரி, பொருள்கள். மதிலுக்கு ரெஜிபோம். சாப்பாட்டுப் பெட்டி ரெஜிபோம் 2017 செப்டெம்பரிலிருந்து தடை, ஆகவே அதைத் தேடாதீர்கள். ஃபிரிட்ஜ், டீவி வரும் பெட்டிக்குள் இருக்கும் தடித்த துண்டுகள்தான் வேண்டும். பொதி பிரித்த கடைக்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார், அவருக்கு அது தொல்லை. புது பிளேட்டால் வெட்டுங்கள், பழையது குண்டு குண்டாகப் பிய்த்துவிடும். வெட்டிய முகத்தில் டிசு கடதாசியைப் பைண்டர் கம் என்கிற வெள்ளைப் பசையும் தண்ணீரும் கலந்து ஒட்டினால் அந்தக் குண்டுகள் மறையும், உறுதியும் வரும். முருகைக்கல் வேண்டுமென்றால் எதையும் ஒட்டாமல், ஸ்பிரே பெயின்டைத் தள்ளி நின்று இலேசாக அடியுங்கள். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமை அங்கங்கே தின்று குழி குழியாக்கும். அப்படியே பவளக் கல். வெளியே நின்று அடியுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. மற்ற எதற்கும் ரெஜிபோமுக்குப் பக்கத்தில் ஸ்பிரேயைக் கொண்டுபோகாதீர்கள்.

கூரைக்குக் காட்போர்ட் பெட்டி. மேல் கடதாசியை ஈரத்துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் விட்டு உரித்தால் உள்ளே அலை அலையாக இருக்கும். அப்படியே விட்டால் அஸ்பெஸ்டஸ் சீட், ஒடுங்கிய கீற்றுகளாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் ஓடு. முட்டை அடுக்கும் கடதாசித் தட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டினால் கருங்கல். வேலிக்கு ஈர்க்கு. உயரமான புல்லுக்குப் பழைய தும்புத்தடியில் நறுக்கிய தும்பு. காட்டுத் தரைக்கு ஊற்றி முடித்த தேயிலைச் சக்கை. டஸ்ட் தேயிலை என்றால் மண் மாதிரி, பெரிய இலை என்றால் சருகு மாதிரி. வெயிலில் மொறுமொறு என்று காய்ந்த பிறகுதான் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லாமல் விடுவது இந்த ஈரத்தைத்தான். அவர்களுடைய வீட்டுக் காற்று வேறு. இங்கே வருடம் முழுக்கக் காற்றில் ஈரப்பதம் 80 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் காட்போர்ட் தானாகவே வளையும். அதற்கு நான் செய்வது: இரண்டு அட்டைகளை, ஒன்றின் அலைக்கு மற்றதன் அலை குறுக்காக வரும்படி ஒட்டி, பாரம் ஏற்றிக் காயவிடுவேன். பெயின்டோ பைண்டர் கம்மோ, ஒரு பக்கம் பூசினால் மறுபக்கமும் பூசவேண்டும். வெட்டிய ஓரங்களையும் விடாதீர்கள், ஈரம் உள்ளே போவது அந்த வழியாகத்தான். வெள்ளவத்தைக் கடற்கரை மணலை அள்ளி வந்து ஒட்டுவதென்றால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சில வீடியோக்களில் பருப்பைக் கூழாங்கல்லாக ஒட்டுகிறார்கள். மாக்கூழைப் பசையாகப் பாவிக்கிறார்கள். கொழும்பில் அதைச் செய்தால் எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து. இன்னொன்று மின்விசிறி. ரெஜிபோம் வீடு பாரமே இல்லாதது, ஃபேனை மூன்றில் விட்டால் பட்டினமே பறக்கும். அடியில் உடைந்த தரை டைல் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

நிறம் பூச, வீட்டுச் சுவருக்கு அடித்து மீந்த இமல்ஷன் பெயின்ட் போதும். பள்ளிக்கூடப் போஸ்டர் கலர் மலிவுதான், ஆனால் வியர்த்த கை பட்டால் கரைந்து வரும். முதலில் கறுப்பை முழுக்கப் பூசுங்கள். அப்புறம் சாம்பல் நிறத்தைத் தூரிகையில் எடுத்து, பழைய பேப்பரில் துடைத்து, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத நிலையில் மேடுகளின்மேல் மட்டும் இழுங்கள். கடைசியாகக் கடும் பிரவுணைத் தண்ணீராகக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுப் பூசினால் வெடிப்புகளுக்குள் தானாக ஓடும். கடைச் சாமானுக்கும் கைவேலைக்கும் கண்ணில் படுகிற வித்தியாசம் இந்த மூன்று பூச்சில் பெரும்பாலும் போய்விடும்.

கைவேலை என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. என் மகளின் பள்ளிக்கூடத்தில் பழங்காலக் குடியிருப்பு ஒன்றின் மாதிரி செய்துவரச் சொன்னார்கள். அவள் என் மேசையில் உட்கார்ந்து ஈர்க்கும் தேயிலைச் சக்கையும் வைத்துத் தானே செய்தாள். ஒரு சுவர் சாய்ந்துதான் இருந்தது, பத்து வயதுப் பிள்ளையின் சுவர் அப்படித்தான் இருக்கும். ஆனால் வகுப்பில் முதலாவதாக வந்தது வேறொரு பிள்ளை கொண்டுவந்தது, காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்வித்தது. உள்ளே லைட் எல்லாம் எரிந்ததாம். புள்ளி போட்டவருக்கு அது தெரியாமலா இருக்கும்? பெற்றோரின் பணத்துக்குப் புள்ளி போடுவதென்றால் நேரடியாகப் பற்றுச்சீட்டையே வாங்கிப் பார்க்கலாமே. மகள் இதை மறந்துவிட்டாள், எனக்குத்தான் ஆறவில்லை. இங்கே இதற்குச் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். இருக்கட்டும்.

இனி "முப்பரிமாண பிரின்டர் இருக்கும் காலத்தில் இது எதற்கு" என்று ஒருவர் கட்டாயம் வருவார். இருக்கிறவர்கள் அச்சடியுங்கள். எங்கள் பட்டினத்திலும் நண்பர் அச்சடித்துத் தந்த பீப்பாக்கள் நிற்கின்றன, ரெஜிபோமோடு சண்டை போடவில்லை. மெஷினும் அதற்குப் போடும் பிளாஸ்டிக் இழையும் வாங்கக் காசு இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

நீங்கள் முதலில் கோட்டையில் கை வைக்காதீர்கள். ஒரு ஜாண் நீளத்தில், ஒரு பக்கம் இடிந்த மதில் ஒன்று செய்யுங்கள். இடிந்ததென்றால் கோணலும் குறையும் கணக்கில் வராது. ஆட்டத்திலும் உடனே பயன்படும், ஏனென்றால் அம்புக்கு ஒளிய எல்லாருக்கும் ஒரு மதில் வேண்டும். அது காய்ந்த பிறகு மூலைத்துண்டு, பிறகு வாசல். ஏதாவது வளைந்தால் எந்தப் பக்கம் வளைந்ததென்று எழுதுங்கள், எங்கே பூசாமல் விட்டீர்கள் என்று சொல்கிறேன்.