கார் முன்சீட்டில் பை, பெட்டி, இடுக்கு டப்பா: மலையோரத்துக் கேள்விகளுக்குப் பதில்

கார் சீட் கவரும் உள்சாமானும் பொருத்துகிற தொழில் நமக்கு. முன்சீட்டுப் பக்கம் சாமான் வைக்கிற பை, டப்பா, ஆர்ம்ரெஸ்ட் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாவூர்சத்திரத்தில் தொடங்கி ஆரியங்காவு தாண்டிப் புனலூர் வரை கேள்வி வந்திருக்கிறது. ஒரே மாதிரிக் கேட்டதைச் சேர்த்துவிட்டேன். கடையில் எல்லாரும் முதலில் கேட்பது "இதில் எவ்வளவு பிடிக்கும் அண்ணாச்சி" என்றுதான். நான் கேட்பது வேறு: இதை மாட்டினால் பெல்ட், ஹேண்ட்பிரேக், ஏர்பேக், பெடல் இந்த நாலில் எதையாவது மறிக்குமா? மறிக்கும் என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

செங்கோட்டை: சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவில் போன் விழுந்துகொண்டே இருக்கிறது. இடுக்கை அடைக்க டப்பா வாங்கவா, பஞ்சு மாதிரி பட்டை வாங்கவா அண்ணாச்சி?

தம்பி, விழாமல் இருந்தால் போதும் என்றால் பட்டைதான். நடுவில் ஓட்டை இருக்கும், பெல்ட் பக்கிளை அதற்குள் விட்டு எடுத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் பக்கிள் சீட்டோடு சேர்ந்துதான் நகரும், அதனால் சீட்டை முன்னே பின்னே தள்ளினாலும் பட்டையும் கூடவே வரும். டப்பா வகையில் போன், சில்லறை, சாவி எல்லாம் வைக்கலாம், உண்மைதான். ஆனால் பல டப்பாக்கள் பக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும், இல்லையென்றால் உள்ளே அமுக்கிவிடும். அப்புறம் பெல்ட் போடும்போது நாக்கு சரியாக உள்ளே போய் "டக்" என்று சத்தம் வராது, அவசரத்தில் கழற்றவும் வராது. மாட்டிப் பார்த்து, ஒரு கையால் போட்டு ஒரு கையால் கழற்ற முடிந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

அளவு எடுக்காமல் வாங்காதீர்கள். இடுக்கு மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம் இருக்கும், இரண்டையும் டேப் வைத்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் ஓட்டுகிறார்கள் என்றால் இரண்டு பேரும் சீட்டை வைக்கிற இடத்தில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் கன்சோலின் வடிவம் நெடுக ஒரே மாதிரி இருக்காது. கெட்டி பிளாஸ்டிக் டப்பா லூசாக இருந்தால் மலைப்பாதையில் கடகடவென்று சத்தம் போட்டே ஓட்டுகிறவர் கவனத்தைக் கலைத்துவிடும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: புளியரை எஸ் வளைவில் போன் விழுந்தால் கையை விட்டுத் துழாவாதீர்கள். எதிரே லோடு லாரி வரும் இடம் அது. அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

தென்காசி, வாடகைக் கார் ஓட்டுபவர்: சீட்டின் முதுகைச் சுற்றி பெல்ட் போட்டு மாட்டுகிற பை ஒன்று பார்த்தேன், கதவுப் பக்கம் மூன்று பாக்கெட் வருகிறது. நல்லதா?

முதலில் உங்கள் சீட் முதுகின் கதவுப் பக்கத்து ஓரத்தைப் பாருங்கள். அங்கே 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று சின்னத் துணி லேபிள் தைத்திருந்தால் அந்தப் பையைத் தொடவே வேண்டாம். பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். மோதல் நடந்த கண நேரத்துக்குள் அது விரிந்தாக வேண்டும். குறுக்கே பட்டையும் பாக்கெட்டும் இருந்தால் தாமதமாகும், திசையும் மாறும், பாக்கெட்டில் இருக்கும் பேனாவும் டார்ச்சும் உங்கள் மேல்தான் பாயும். சீட் கவருக்கும் இதே கதைதான். ஏர்பேக் உள்ள சீட்டுக்கென்று அந்த ஓரத்தில் திறப்பு விட்டுத் தைத்த கவர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருக்கும் கவரை இந்த வண்டிகளுக்கு நான் போட்டுத் தருவதில்லை. லேபிள் இல்லாத பழைய வண்டி என்றால் மாட்டலாம், ஆனால் கதவுப் பக்கம் வேண்டாம், உள்பக்கமாக மாட்டுங்கள். கதவில் உரசாது, ஏறி இறங்கும்போது சட்டையும் மாட்டாது.

புனலூர், மகளோடு இருக்கும் அம்மா: டிஷ்யூ, திருநீறு, குழந்தைக்குப் பிஸ்கட் எல்லாம் டேஷ்போர்டு மேலேயே ஒரு தட்டு ஒட்டி வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் அந்த டேஷ்போர்டுக்குள்தான் மடிந்து கிடக்கிறது. தட்டை அதன் மூடி மேல் ஒட்டினால், அது திறக்கும்போது தட்டு நேராக முகத்துக்கு வரும். சன் வைசரில் மாட்டுகிற பையில் கனமில்லாத ரசீது, டிஷ்யூ மட்டும் வைத்தால் போதும். மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனா எல்லாம் சொருகினால் வைசர் தானாகத் தொங்கி கண்ணை மறைக்கும். குழந்தைச் சாமான் பின்சீட்டு ஆள் கைக்கு எட்டுகிற மாதிரி முன்சீட்டின் முதுகுப் பையில் இருக்கட்டும், குழந்தையும் பின்னால்தானே உட்கார வேண்டும். திருநீறு, குங்குமம் குளோவ் பாக்ஸில் சின்ன டப்பாவில்.

பாவூர்சத்திரம், காய்கறி வியாபாரி: ராத்திரி லோடோடு கொல்லம் போகிறேன். பில், பணம், டீ பிளாஸ்க், தண்ணீர், டார்ச் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். சீட்டுக்கு அடியில் தள்ளி வைக்கிறேன், சரியா?

அண்ணே, உங்கள் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் எதுவுமே கூடாது. செருப்புகூடக் கூடாது. மலை இறக்கத்தில் பாட்டில் உருண்டு முன்னால் வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால், நீங்கள் என்ன மிதித்தாலும் பெடல் முழுசாக இறங்காது. அங்கே குனிந்து எடுக்கவும் நேரம் கிடைக்காது. பக்கத்து சீட்டுக்கு அடியில் வைக்கலாம், ஆனால் முன்பக்கம் தடுப்பு உள்ள தட்டு இருக்க வேண்டும். சில வண்டிகளில் கம்பெனியே அங்கே இழுவைத் தட்டு கொடுத்திருக்கிறது. தட்டு பொருத்தும்போது அங்கே மஞ்சள் நிறத்தில் கனெக்டர் தெரிந்தால் அதை இழுக்கவோ கழற்றவோ விடாதீர்கள், அது ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர்.

பிளாஸ்க் விஷயம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி நின்றுவிட்டால், கட்டாமல் கிடக்கும் சாமான் எல்லாம் அதே 60-இல் முன்னே போகும். ஒரு பொருளை ஏறக்குறைய 14 மீட்டர், அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து போட்டால் கீழே வரும் வேகம் அது. டீ நிறைந்த ஸ்டீல் பிளாஸ்க் அந்த வேகத்தில் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அதனால் பிளாஸ்குக்குக் கதவுப் பாக்கெட் அல்லது ஆழமான கப் ஹோல்டர்தான் இடம். ஏசி துவாரத்தில் மாட்டுகிற ஹோல்டர் காகித டம்ளருக்குத்தான் லாயக்கு, ஸ்டீல் பாட்டில் வைத்தால் துவாரத்தின் இதழே உடைந்து கையோடு வந்துவிடும். வாங்குமுன் உங்கள் பாட்டிலின் அடிப்பாகத்தை அளந்துகொள்ளுங்கள். நிறைய ஹோல்டர் 7 சென்டிமீட்டர் குறுக்களவில்தான் இருக்கும், ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் பலவும் அதில் இறங்காது.

பில்லுக்கு ஜிப் வைத்த கோப்புப் பை ஒன்று போதும், பக்கத்து சீட்டின் முதுகில் உள்பக்கமாக மாட்டுங்கள். ஆர்சி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் காகிதத்தைச் சுமக்க வேண்டியதில்லை, அரசின் போன் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ காட்டினால் இரண்டு மாநிலத்திலும் செல்லும். மலையில் சிக்னல் போகும் என்பதால் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வெளியே தெரிகிற எந்தப் பையிலும் வைக்காதீர்கள்.

கடையநல்லூர்: நடுவில் வைக்கிற ஆர்ம்ரெஸ்ட் பெட்டி?

மூடியபடியே ஹேண்ட்பிரேக்கை முழுசாகத் தூக்க முடிகிறதா, இரண்டாம் நாலாம் கியருக்கு இழுக்கும்போது முழங்கை இடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தடைபட்டாலும் விட்டுவிடுங்கள். மலையேற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கிறவருக்கு ஹேண்ட்பிரேக்கை விட முக்கியமான சாமான் வேறு இல்லை. கப் ஹோல்டரில் சொருகி நிற்கிற வகை ஆடும், ஸ்க்ரூ போட்டு அந்த மாடலுக்கென்றே வருவது ஆடாது.

புளியரை: பக்கத்து சீட்டில் பையை வைத்தால் பீப் பீப் என்று கத்துகிறது. பெல்ட் பக்கிளில் கிளிப் ஒன்று சொருகினால் நிற்குமாமே?

அந்த கிளிப்பை வாங்காதீர்கள் தம்பி. 2019 ஜூலை முதல் செய்த கார்களில் முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம், சீட்டுக்கு அடியில் இருக்கும் சென்சார் கனத்தைப் பார்த்து ஆள் உட்கார்ந்ததாக நினைக்கிறது. அந்தச் சத்தத்தை அடைக்கிற கிளிப்பை விற்றதற்காக 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்கள் மேல் உத்தரவே போட்டது. அந்தப் பக்கம் இறங்கினால் கேரளக் கேமராவும் முன்சீட்டு பெல்ட்டைத்தான் பார்க்கும். வழி சுலபம்: பையை வைத்து அதற்கே பெல்ட்டைப் போட்டுவிடுங்கள். சத்தமும் நிற்கும், பையும் பறக்காது. சீட்டில் வைக்கிற பெட்டி வாங்குகிறீர்கள் என்றால் பின்னால் பெல்ட் நுழைகிற வளையம் உள்ளதாகப் பாருங்கள், அடியில் வழுக்காத ரப்பரும் வேண்டும்.

குற்றாலம்: துணியா, ரெக்சினா, பிளாஸ்டிக்கா?

சாரல் காலத்தில் ஈரத் துண்டோடு ஏறுகிற ஊர் நம்முடையது. ஃபெல்ட் துணிப் பை ஈரம் குடித்து ஒரு வாரத்தில் பூஞ்சை வாசனை அடிக்கும். மட்டமான ரெக்சின் சித்திரை வெயிலில் உரிந்து சட்டையில் ஒட்டும். நைலான் அல்லது கெட்டியான பாலியஸ்டர் துணி, கழற்றித் துவைக்கிற மாதிரி இருந்தால் அதுதான் என் தேர்வு. வெல்க்ரோவை மட்டும் நம்பி நிற்கிற பை வேண்டாம், கொக்கியோ பக்கிளோ இருக்கட்டும். அப்புறம் ஒரு பக்கத்தில் குப்பைக்கென்று மூடி உள்ள சின்னப் பையும் மாட்டுங்கள். ஜன்னல் வழியே எறிந்தால் காட்டுக்கும் கேடு, தின்பண்ட உறை வெளியே தெரிந்தால் குரங்கு கையை உள்ளே விடும்.

சுரண்டை: அப்பாவை மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். இன்சுலின், மாத்திரை, ஸ்கேன் ரிப்போர்ட்டை எதில் வைக்க?

ஸ்கேன் படத்தை மடிக்காமல் அட்டை உறையோடு சீட் முதுகுப் பையில் நிமிர்த்தி வையுங்கள், பையின் அகலம் உறையை விடப் பெரிதா என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரைக்கு ஜிப் பை. இன்சுலினுக்கு எந்தக் கார் பெட்டியும் உதவாது. வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரி தாண்டிவிடும், அந்தச் சூட்டில் மருந்து வீரியம் இழக்கும். காப்புப் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, மருந்து ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி எடுத்துப் போங்கள், உறைந்தாலும் அது கெட்டதுதான். டீ குடிக்க இறங்கினாலும் அந்தப் பெட்டி உங்கள் கையோடு இறங்க வேண்டும். பவர் பேங்க், லைட்டர், ஸ்ப்ரே டப்பாவையும் அதே மாதிரி வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள்.