எபிரேய வேதத்தில் கடவுள் வாக்குத் தவறாதவர் என்பதற்கு நல்ல உதாரணம் எது?

கடவுள் சொன்னபடியே ஆபிரகாமுக்கு 100 வயதில் மகன் ஈசாக்கு பிறந்ததைத்தான் பலரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் என்னை அதிகம் தொடுவது எரேமியா 32-ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது, தீர்க்கதரிசி எரேமியாவோ காவலில். அந்த நேரத்தில், சொந்த ஊரான ஆனதோத்தில் நிலம் வாங்கு என்கிறார் கடவுள்! எரேமியா 17 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்திட்ட பத்திரம், நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்துக்குள் போகிறது. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பதே வாக்கு. எரேமியாவுக்கே அது புரியவில்லை. ஜெபத்தில் கேட்டும் விடுகிறார். அப்புறம் நகரம் விழுந்தது, மக்கள் சிறைப்பட்டுப் போனார்கள். கி.மு. 538 வாக்கில் பாரசீக அரசன் கோரேஸ் அவர்களைத் திரும்பிப்போக விட்டான். வந்தவர்களை ஊர்வாரியாக எண்ணி எழுதியிருக்கிறது எஸ்றா 2-ஆம் அதிகாரம். அதில் ஆனதோத் ஊரார் 128 பேர்.