இரண்டு டேப் திறந்தால் பில் வரிகள் மறைவது ஏன்?

கேள்வி: கடைக்கு பில் போடும் வெப் ஆப் எழுதியிருக்கிறேன். மொத்தத் தரவையும் ஒரே ஜேசனாக (ஒற்றை உரைத் தொகுப்பாக), பிரவுசரின் எளிய சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கிறேன். இரண்டு டேப் திறந்து வேலை பார்த்தால் சில வரிகள் மறைகின்றன. ஐபோனில் சில வாரம் கழித்துத் திறந்தால் எல்லாமே காலி. எங்கே பிழை?

பதில்: இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

வரி மறைவதற்குக் காரணம் நீங்கள் சேமிக்கும் முறை. இரண்டு டேப்பும் 10 வரிகளைப் படித்து வைத்திருக்கின்றன. இரண்டாவது டேப்பில் 11-ஆவது வரியைச் சேர்க்கிறீர்கள். பிறகு முதல் டேப்பில் ஒரு விலையைத் திருத்தினால், அது தன் கையிலுள்ள பழைய பத்தையும் அப்படியே மேலெழுதிவிடும். பதினொன்றாவது வரி போயே போச்சு. ‘ஸ்டோரேஜ்’ ஈவென்ட் மற்ற டேப்களுக்குச் செய்தி சொல்லும். எழுதிய டேப்பில் அது எழாது. திரையைப் புதுப்பிக்க உதவுமே தவிர, இந்த மோதலைத் தடுக்காது.

பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸான இண்டெக்ஸ்ட் டிபிக்கு மாறுங்கள். ஒவ்வொரு பில் வரியும் தனி ரெக்கார்டு, தனி ஐடி. திருத்தும்போது, முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே ரீட்-ரைட் டிரான்ஸாக்‌ஷனுக்குள் அந்த ரெக்கார்டைப் படித்து, மாற்றி, எழுதுங்கள். நடுவில் சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. நிலுவையில் வேலை இல்லையென்றால் டிரான்ஸாக்‌ஷன் தானே முடிந்துவிடும், அடுத்த கோட் வரி எரர் கொடுக்கும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் டேப்களுக்கிடையே செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் சேனலில் அந்த ரெக்கார்டின் ஐடியை மட்டும் அனுப்புங்கள். மற்ற டேப்கள் அந்த ரெக்கார்டை மறுபடி படித்துக்கொள்ளட்டும்.

ஐபோன் கதை வேறு. 2020-இல் வந்த சஃபாரி 13.1 முதல், சஃபாரியைப் பயன்படுத்திய 7 நாட்களில் உங்கள் தளத்தை ஒருமுறைகூடத் தொடாவிட்டால், ஸ்கிரிப்ட் எழுதிய சேமிப்பை அது அழிக்கிறது. இண்டெக்ஸ்ட் டிபியும் தப்பாது. ஆகவே அசல் பிரதி சர்வரில்தான் இருக்க வேண்டும். வரியை எழுதும் அதே டிரான்ஸாக்‌ஷனில், அனுப்ப வேண்டிய மாற்றத்தை ‘அவுட்பாக்ஸ்’ என்ற தனி ஸ்டோரிலும் போடுங்கள். ஆப் திறக்கும்போதும், இணையம் திரும்பும்போதும் அதைக் காலி செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஐடி இருந்தால், அதுவே இரண்டு முறை வந்தாலும் இரண்டாவதை சர்வர் ஒதுக்கிவிடலாம். இல்லையென்றால் வாடிக்கையாளருக்கு இரட்டை பில்தான்.

பக்கத்தை மூடும்போது சேமித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். போனில் ‘அன்லோட்’ ஈவென்ட் பல நேரம் வராது. மாற்றம் நடந்த உடனே எழுதுங்கள்.

பின்னாளில் டேட்டாபேஸ் வெர்ஷனை உயர்த்தும்போது, திறந்து கிடக்கும் பழைய டேப் அதை முடக்கிவிடும். ‘வெர்ஷன்சேஞ்ச்’ ஈவென்ட் வந்தால் டேட்டாபேஸ் இணைப்பை மூடும் கோட் வரியை முதல் வெளியீட்டிலேயே சேருங்கள்.