45 நிமிட பீரியடில் ஆங்கிலச் சொற்களைப் பதிய வைப்பது எப்படி?

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடம் நடத்தவே நேரம் போதவில்லை, சொற்களுக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், சொற்பட்டியல் முழுவதையும் கரும்பலகையில் எழுதி நோட்டில் எழுதச் சொல்வதை நிறுத்துங்கள். பத்து நிமிடம் கரையும். பிள்ளைகள் யோசிக்க அதில் எதுவுமில்லை.

பாடத்துக்கு ஐந்தாறு சொற்கள் போதும். மற்ற பாடங்களிலும் அடிக்கடி வருபவையாக எடுங்கள். அரிதான சொல்லுக்கு வாசிக்கும்போதே தமிழில் பொருள் சொல்லிவிட்டு நகரலாம். அதில் தவறே இல்லை.

நேரம் உண்மையில் மிச்சமாவது மீள்பார்வையில்தான். கற்றது முதல் நாளிலேயே வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பிலேயே நிற்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதிவிட்டார். அதனால் தினமும் முதல் மூன்று நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நேற்றைய சொல் இரண்டு, போன வாரத்தது இரண்டு, போன மாதத்தது ஒன்று. பொருளை நீங்கள் சொல்லுங்கள். சொல்லை எல்லாரும் ரஃப் நோட்டில் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டட்டும். ஒருவரை மட்டும் எழுப்பிக் கேட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். யார் தடுமாறுகிறார்கள் என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இன்னொன்று: 'பாரோ' (borrow, இரவல் வாங்குவது), 'லெண்ட்' (lend, இரவல் கொடுப்பது) போன்ற ஜோடிகளை ஒரே நாளில் நடத்தாதீர்கள், கட்டாயம் குழம்பும். பக்கத்து மாணவனிடம் பேனா இரவல் வாங்கி நடித்துக்காட்டி 'பாரோ'வை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அது ஊன்றிய பிறகு, ஒரு வாரம் கழித்து 'லெண்ட்'.