ராய் படிக்காத படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்

கரூரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து நல்ல மதிப்பெண்ணுடன் தேறியிருக்கும் அவருடைய மகள், சத்யஜித் ராயின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இந்தியத் திரைமொழியும் மேற்கத்தியத் திரைமொழியும் கலந்த படங்களை இயக்கப்போவதாகச் சொல்கிறாளாம். பெண்ணின் பெரியப்பா கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியலுக்கு இடம் பேசி, முன்பணமும் கட்டிவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் தாய்மாமனோ, சினிமாதான் என்றால் அங்கேயே ஒரு பெரிய திரைப்படக் கல்லூரியில் சேர்த்துவிடலாம், கொஞ்சம் நான் தருகிறேன், மீதிக்கு வீட்டின் பேரில் கடன் வாங்குங்கள் என்கிறார். இரண்டு பக்கமும் இழுக்க, மகள் வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள் என்று அந்தத் தாய் வருந்துகிறார்.

அம்மா, உங்கள் மகளின் ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆறுதலாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது உங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்காவது பிடிக்காது. வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் இயக்குநர் படிப்பு என்ற திட்டத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பொதுத்துறை வங்கிகள் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கின்றன. படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் அத்தனை ஆண்டுகளும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். தவணை தொடங்கும் நேரத்தில் உங்கள் மகள் ஏதோ ஒரு படத்தில் உதவியாளராக, மாதச் சம்பளம் என்ற உறுதி இல்லாமல், ஒரு படம் முடிந்து அடுத்த படத்துக்குக் காத்திருப்பாள். கடன்காரர் மாதந்தோறும் வருவார், சினிமா வருமானம் மாதந்தோறும் வராது. அந்த நெருக்கடியில் அவள் விரும்பிய படங்களை எடுக்க மாட்டாள், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு கடனை அடைப்பாள். அதற்காகவா அவளை அனுப்புகிறீர்கள்?

அவள் யாரை முன்மாதிரியாகக் கொண்டிருக்கிறாளோ, அவருடைய வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். 1921இல் கல்கத்தாவில் பிறந்த சத்யஜித் ராய் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் படித்ததில்லை. கல்கத்தாவின் மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பிறகு, தாயார் வற்புறுத்தியதால் அரைமனதோடு சாந்திநிகேதனுக்குப் போய், நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். அந்தப் படிப்பையும் முடிக்காமலே 1942இல் வெளியேறினார். 1943இல் ஒரு பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் வரைகலைஞராகச் சேர்ந்தார். 1947இல் நண்பர்களோடு கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் தம்முடைய ஒரு படத்துக்காக வங்காளம் வந்தபோது, இடம் தேடுவதற்கு அவரோடு சுற்றினார். 1950இல் நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே வேலை நேரம் போக ஏறக்குறைய நூறு படங்கள் பார்த்தார், அவற்றுள் ஒன்று இத்தாலிய இயக்குநர் டி சீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’. அறிமுகமில்லாத முகங்களைக் கொண்டு, உண்மையான இடங்களில், குறைந்த செலவில் ஒரு பெரிய படத்தை எடுக்க முடியும் என்ற துணிவு அவருக்கு அங்கே கிடைத்தது. மேற்கத்தியப் பாணி என்று உங்கள் மகள் சொல்வதன் பெரும்பகுதியை அவர் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றார் என்பதைத் தாய்மாமனிடம் சொல்லுங்கள்.

1952இல் தம் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோதும் அவர் வேலையை விடவில்லை, விடுமுறை நாட்களில் படமெடுத்தார். பணம் தீர்ந்தபோது தம் காப்பீட்டுப் பத்திரமும் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்று நின்று நடந்து, கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்ததால் 1955இல் படம் வெளியானது. அப்படியானால் அவரும் கடன்பட்டவர்தானே என்று மகள் கேட்கக்கூடும். கேட்டால் சொல்லுங்கள்: முப்பது வயதைக் கடந்து, தொழிலும் அனுபவமும் கையில் இருந்த ஒரு மனிதர், எடுத்துக்கொண்டிருந்த படத்துக்காகப் பட்ட கடன் அது. பதினேழு வயதுப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பெற்றோரின் கூரையைப் பிணை வைப்பதை அதோடு சேர்த்துப் பேச முடியாது.

அவர் படங்களில் இரண்டு மரபுகளும் எங்கே சேர்கின்றன என்று உங்கள் மகளோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். ‘பதேர் பாஞ்சாலி’யில், ஊருக்குத் திரும்பி வரும் தந்தை ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்து நீட்டுகிறார், அதுவரை அடக்கி வைத்திருந்த தாய் சர்பஜயா உடைந்து அழுகிறாள். அவள் வாய் திறந்திருக்கிறது, அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற, வில் போட்டு வாசிக்கும் தந்திக் கருவி உச்சத்தில் ஒலிக்கிறது. உண்மையான வீடு, புழக்கத்தில் உள்ள மண், அலங்காரமில்லாத வெளிச்சம் என்று இத்தாலிய யதார்த்தப் படங்களிடம் கற்ற ஒழுங்கில் வந்துகொண்டிருந்த காட்சி, சரியாக அந்த நொடியில், துயரத்தை இராகத்திடம் ஒப்படைக்கும் நம்முடைய மரபுக்கு வந்து சேர்கிறது. ரவிசங்கரின் இசையும் அந்த அழுகையை மௌனமாக்கிய முடிவும் சேர்ந்து செய்த வேலை அது.

1964இல் வந்த ‘சாருலதா’ இன்னும் நுணுக்கமானது. தாகூரின் குறுநாவலைத் தழுவிய அந்தப் படத்தின் தொடக்கத்தில், பெரிய வீட்டில் தனித்திருக்கும் சாரு சன்னலுக்குச் சன்னல் போய்க் கைப்பிடி வைத்த சிறிய பார்வைக் கண்ணாடி வழியே தெருவைப் பார்க்கிறாள். சில நிமிடங்களுக்குப் பேச்சே இல்லை என்று சொல்லிவிடலாம். குரங்காட்டியின் உடுக்கையும் பல்லக்குத் தூக்குவோரின் குரலும் தெருவிலிருந்து மேலே வருகின்றன. காது கேட்டதைத்தான் அவள் கண் தேடிப் போகிறது. ஊஞ்சலாடிக்கொண்டே அவள் பாடும் தாகூரின் பாட்டு ஒரு ஸ்காட்லாந்து நாட்டார் மெட்டில் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காள வீட்டுக்குள் மேற்கு ஏற்கெனவே பியானோவாகவும் பத்திரிகையாகவும் மெட்டாகவும் குடியேறியிருந்தது. ராய் அதைக் காதால் கண்டுபிடித்துப் படத்தில் வைத்தார். இறுதியில் கணவனும் மனைவியும் கைகளை நீட்ட, தொடும் முன்பே படம் அசையாமல் உறைந்து, நிழற்படங்களின் வரிசையாகிறது. அந்த உத்தி அப்போதைய பிரெஞ்சுப் படங்களில் புதிதாக வந்தது. அதன் பொருளோ தாகூரின் கதைக்குள்ளிருந்தே வருகிறது. 1961 முதல் தம் படங்களுக்குத் தாமே இசையமைத்த ராய், மேற்கத்தியச் செவ்விசையின் இசைக்குறிப்புகளைப் புத்தகம் படிப்பதுபோல் படிக்கப் பழகியவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு விரிவாக நான் ஒலியைப் பற்றியே பேசுவதற்கு உங்கள் கடிதம்தான் காரணம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து வயலின் கற்கிறாள் என்றும், அண்மைக் காலமாகக் கைப்பேசியை வைத்துக்கொண்டு விசைத்தறிச் சத்தம், பேருந்து நிலையத்து அறிவிப்பு, கோயில் நாகசுரம் என்று எதையெதையோ பதிவு செய்துகொண்டு நேரத்தை வீணடிக்கிறாள் என்றும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். அவள் பிடித்திருக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து நம்மவர்கள் அதைத் தரையில் அமர்ந்து, நுனியைக் காலில் ஊன்றி, சுருதியை மாற்றிக் கட்டி, கமகம் என்னும் சுர அசைவுகளைப் பேச வைத்தார்கள். இரு மரபுகளின் கலப்பு என்பது எப்படிப்பட்ட பொறுமையான கைவேலை என்பதை உங்கள் பெண்ணின் விரல்கள் ஏற்கெனவே அறியும்.

ஆகவே அவளுக்கு நான் பரிந்துரைப்பது, பெரும்பாலான பெற்றோர் கேள்விப்பட்டே இராத ஒலிப்பதிவுப் படிப்பு. விஷுவல் கம்யூனிகேஷன் பற்றி ஊரே சொல்லும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் ஆகியவற்றோடு ஒலிப்பதிவுக்கும் நான்காண்டு இளங்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்களுக்கான பிரிவு அது. இயக்குநர் பிரிவுக்குப் போட்டி போடும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் ஒரு நடுத்தரக் குடும்பம் நகையைத் தொடாமல் கட்டக்கூடியது. வயது வரம்பு, விண்ணப்ப நாள், நேர்முகத் தேர்வு ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இடைத்தரகர் எவரையும் நம்ப வேண்டாம்.

அந்தத் தொழிலில் என்ன செய்வார்கள் என்று பெரியப்பா கேட்பார். படப்பிடிப்பில், நுனியில் மைக் பொருத்திய பூம் கம்பத்தைப் பிடித்து, நடிகரின் உடைக்குள் சிறிய மைக்கை மறைத்து, வசனத்தைச் சுத்தமாகப் பிடிப்பது ஒரு வேலை. எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறுமையைத் தனியாகப் பதிவு செய்வதும் அதில் அடங்கும். வசனத்துக்கு நடுவே விழும் இடைவெளிகளை நிரப்ப அதுதான் உதவும். ஸ்டூடியோவுக்கு வந்தால் டப்பிங் இருக்கிறது. காலடி, சேலைச் சரசரப்பு, பாத்திரம் வைக்கும் ஓசை என்று ஒவ்வொன்றையும் திரையைப் பார்த்தபடி மீண்டும் உண்டாக்கும் ஃபோலி இருக்கிறது. ஊரின் காலையும் இரவும் எப்படிக் கேட்கும் என்று சூழல் ஒலிகளை அடுக்கும் ஒலி வடிவமைப்பு இருக்கிறது. கடைசியில் வசனம், பாட்டு, பின்னணி இசை, சூழல் ஆகிய எல்லாவற்றையும் எது முன்னே, எது பின்னே என்று தீர்மானிக்கும் மிக்ஸிங். இந்தியத் திரைப்படம் பல பத்தாண்டுகளாகப் படப்பிடிப்பு முடிந்தபின் குரலை டப்பிங்கில் சேர்த்தே வளர்ந்தது. மேற்கில் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்வது வழக்கம். 2001இல் வந்த ‘லகான்’ படத்துக்காகக் கட்ச் பகுதியில், பெருங்கூட்டத்துக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் நடுவே, குரல்களை அங்கேயே பதிவு செய்தார்கள். பாட்டும் நடனமும் நிறைந்த நம் படவடிவம் சிறிதும் மாறாமல் அந்த முறை அதனுள் அமர்ந்தது. அதன் ஒலிக்காக நகுல் காம்தேவுக்கும் சென்னையின் ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதருக்கும் தேசிய விருது கிடைத்தது. உங்கள் மகள் இயக்குநராகிச் செய்ய நினைக்கும் கலப்பு, ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்றாடம் எடுக்கப்படும் முடிவு: பின்னணி இசையை எங்கே நிறுத்தித் தெருவைக் கேட்கவிடுவது, பாட்டு எந்த ஓசையிலிருந்து எழ வேண்டும், அழுகையை எப்போது மௌனமாக்குவது.

தரமணியில் இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும். 1960இல் தொடங்கப்பட்ட புனே திரைப்பட நிறுவனத்திலும், கல்கத்தாவில் ராயின் பெயரிலேயே இயங்கும் நிறுவனத்திலும் பட்டதாரிகளுக்கான ஒலிப் பிரிவு உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருப்பது அவற்றுக்குத் தேவை. இரண்டுமே மத்திய அரசு நிறுவனங்கள். கேரளத்தில் இயற்பியல் படித்துவிட்டுப் புனேவுக்குப் போன ரசூல் பூக்குட்டி, மும்பையில் ஒரு பிரிட்டிஷ் இயக்குநர் எடுத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்காக 2009இல் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். 2023இல் ‘ஒற்ற’ என்ற மலையாளப் படத்தையும் இயக்கினார். ஒலிப்பதிவு படித்தவர்கள் எல்லோரும் ஆஸ்கர் வாங்குவார்கள் என்றோ இயக்குநராவார்கள் என்றோ நான் உங்களை ஏமாற்ற மாட்டேன். முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாக இருக்கும், இரவு வேலை இருக்கும், திரைத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டைக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆனால் கைத்தொழில் தெரிந்தவளுக்குத் தொலைக்காட்சி, டப்பிங் கூடம், ஓடிடி தொடர், விளம்பரம், ஆவணப்படம் என்று பல கதவுகள் உண்டு. ‘இயக்கம் படித்தேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருபவருக்கு அவ்வளவு கதவுகள் இல்லை.

பெரியப்பாவின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று ஆண்டுகளாக ஒரு திசையிலேயே சாய்ந்து நிற்கும் பெண்ணை, ஊரில் எல்லோரும் சேர்கிறார்கள் என்பதற்காக நான்கு ஆண்டு கணினி அறிவியலில் உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது. அவள் அரியர் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் போன பணத்தையும் போன ஆண்டுகளையும் எந்த உறவினரும் திருப்பித் தரப் போவதில்லை. அந்தப் படிப்பு வேண்டாம் என்பதை அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், மகளைச் சொல்ல வைக்காதீர்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது குறைவுதான். விலை உயர்ந்த கேமரா எதையும் வாங்கித் தராதீர்கள். கையடக்க ரெக்கார்டர் ஒன்றும், காதை நன்றாக மூடும் ஹெட்போன் ஒன்றும் போதும். மூன்று நிமிட ஒலிப்பதிவுகள் நான்கைந்து அவள் செய்யட்டும், ஒவ்வொன்றிலும் என்ன கேட்டாள், எதை விட்டாள், ஏன் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதட்டும். நேர்முகத் தேர்வில் பேச அவளுக்கு அதுவே விஷயமாக அமையும். வயலின் வகுப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். தாய்மாமன் உதவ விரும்பினால், சென்னை விடுதிச் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். கோவைக் கல்லூரியில் கட்டிய முன்பணம் போய்விட்டதே என்று அஞ்சி அங்கேயே சேர்த்துவிட வேண்டாம்: குறிப்பிட்ட கடைசி நாளுக்குள் விலகினால், அதிகபட்சம் 1000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது, பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. விலகல் கடிதத்தை எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலையும், அசல் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அன்றே கையோடு வாங்கி வாருங்கள்.